வியர்க்கும் நாய்

செங்கத்துக்கு வடக்கே இருந்த சூரியமின் வயலில் ஒரே மதியத்தில் மூன்று நாய்கள் செத்தன. நான்காவது செத்துக்கொண்டிருந்தபோது கால்நடை மருத்துவர் எஸ்தர் கிருபாவதிக்கு அழைப்பு வந்தது.

அவள் போய்ச் சேர்ந்தபோது, நாய்களைப் பார்த்துக்கொள்ளும் வேடியப்பன் அந்தக் கறுப்பு நாயைக் காவல் அறைக்குள் இழுத்துப் போட்டிருந்தான். அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. நாயின் நாக்கு செங்கல் நிறத்தில் தொங்கியது. கண் திறந்திருந்தது, எதையும் பார்க்கவில்லை. வேடியப்பன் ஒரு பை நிறைய ஐஸ்கட்டியைக் கொண்டுவந்து அதன் முதுகில் கொட்டப் போனான்.

“ஐஸ் வேணாம்” என்றாள் எஸ்தர். “தோல் சில்லுனு ஆச்சுன்னா ரத்தக்குழாய் சுருங்கிடும், சூடு உள்ளயே நின்னுடும். சாதாத் தண்ணி எடுத்துட்டு வாங்க. வயித்துல, தொடை இடுக்குல, பாதத்துல ஊத்துங்க. அந்த ஃபேனை இப்படித் திருப்புங்க.”

“வாயில கொஞ்சம் ஊத்தட்டுங்களா டாக்டரம்மா?”

“இப்ப அதுக்கு முழுங்கத் தெரியாது. மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும்.”

வேடியப்பன் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்தான். எஸ்தர் சலைன் ஏற்றினாள். சாயங்காலம் அந்த நாய் தலையைத் தூக்கி, இருவரில் யாரும் இல்லாத ஒரு திசையைப் பார்த்து ஒருமுறை வாலை ஆட்டியது. வேடியப்பன் சுவரோரம் குந்தி உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். நாயின் பெயர் மிளகு.

அந்த வருடங்களில் உச்சிவெயில் சட்டம் அமலில் இருந்தது. வானிலை அலுவலகம் சிவப்பு எச்சரிக்கை விடுத்த நாட்களில், பதினொரு மணியிலிருந்து நான்கு மணி வரை திறந்தவெளியில் மனிதர்களை வேலை வாங்கக் கூடாது. சட்டம் வருவதற்கு முந்தைய கோடையில் சாலையோரங்களிலும் கட்டட வேலை நடந்த இடங்களிலும் விழுந்து செத்தவர்கள் அதிகம். அதனால் எந்தக் கட்சியும் எதிர்க்கவில்லை. பகலின் நடுவில் ஊர்கள் கதவைச் சாத்திக்கொண்டன. செம்புக் கம்பி திருடுகிறவர்கள் மட்டும் சாத்திக்கொள்ளவில்லை. காவலுக்கு ஆள் இல்லாத அந்த நேரம்தான் அவர்களுக்குத் தோதான நேரம். வெயில் அவர்களையும் விட்டுவைக்கவில்லை என்றாலும் வந்தார்கள். ஆகவே நிறுவனங்கள் நாய்களை இறக்கின. ஆள் குளிர்ந்த அறைக்குள் உட்கார்ந்து கேமராவைப் பார்த்து ஒலிபெருக்கியில் விசில் கொடுப்பான். நாய் வெளியே ஓடும்.

வயலின் மேலாளர் ரகோத்தமன் அன்று மாலை வந்தான். செத்த நாய்களைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். கெட்ட மனிதன் இல்லை என்று எஸ்தருக்குத் தோன்றியது.

“நிழல் இருக்கே மேடம்” என்றான். “பேனலுக்கு அடியில போய்ப் படுத்துக்கும்னுதான் நெனச்சோம்.”

“தரையில உங்க புறங்கைய வெச்சுப் பாருங்க.”

அவன் ஒரு பேனலுக்கு அடியில் குனிந்து வைத்தான். உடனே எடுத்துக்கொண்டான்.

“மேல கண்ணாடி, கீழ சரளை. அடுப்புக்குள்ள இருக்கற நிழல் அது” என்றாள் எஸ்தர். “நாய்க்கு உடம்புல வியர்க்காது. பாதத்துல கொஞ்சம் வரும், அது எதுக்கும் பத்தாது. நாக்கைத் தொங்கப் போட்டு இளைச்சு இளைச்சுத்தான் சூட்டை வெளிய தள்ளணும். காத்தே அதோட உடம்பை விடச் சூடா இருந்தா, இளைக்கறதே அதுக்கு ஒரு வேலை ஆயிடும். அந்த வேலையே உடம்பை இன்னும் சூடாக்கும்.”

“அப்ப என்ன பண்றது?”

“அனுப்பாதீங்க.”

ரகோத்தமன் நிமிர்ந்தான். “மனுஷனை அனுப்பக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. நாயைப் பத்தி அதுல ஒரு வரி இல்ல. நான் அனுப்பலன்னா எனக்குப் பதிலா வர்றவன் அனுப்புவான்” என்றான்.

எஸ்தரிடம் அப்போது ஓர் ஊசி இருந்தது. கால்நடைக் கல்லூரி ஆய்வகத்தில் அவளும் அவளுடைய மாணவர்கள் இருவரும் பல வருடங்கள் உழைத்துச் செய்தது. நாயின் மயிர்க்கால்களுக்குப் பக்கத்தில் சுரப்பிகள் இருக்கின்றன. அவை வாசனையைத் தவிர வேறெதற்கும் பயன்படாமல் கிடக்கின்றன. அந்தச் சுரப்பிகளுக்கு, மனிதத் தோல் சுரக்கும் அதே நீர்த்த வியர்வையைச் சுரக்கக் கற்றுக்கொடுத்தது அந்த ஊசி. அதற்குக் குளிர்தோல் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளுடைய சொந்த நாய்கள் இரண்டுக்குப் போட்டுப் பார்த்திருந்தாள், அவை நன்றாக இருந்தன. வெளிக்களத்தில் பரிசோதிக்க அரசு அனுமதி கொடுத்திருந்தது, ஒரு நிபந்தனையோடு: ஊசி போட்ட நாய் எங்கே இருந்தாலும், அதைப் பராமரிக்கும் மருத்துவர் எழுதும் விதிகள் நாயை வைத்திருப்பவரைச் சட்டப்படி கட்டுப்படுத்தும். வருடாவருடம் மருத்துவர் கையெழுத்திட்டால்தான் நாயை வைத்திருக்கலாம்.

களம்தான் கிடைக்காமல் இருந்தது. விஷயம் காதுக்கு எட்டியதும் ரகோத்தமன் அவளைத் தேடி மருத்துவமனைக்கே வந்தான்.

“எங்க நாய்ங்களுக்குப் போடுங்க. நீங்க போட்டாலும் போடலன்னாலும் அதுங்க போகத்தான் போகுது மேடம்.”

எஸ்தர் ஒரு வாரம் பதில் சொல்லவில்லை. அந்த வாரத்தில் வெயில் தாக்கிய நாய்கள் தினமும் அவளிடம் வந்தன. சாத்திய காருக்குள் கடைக்கு வெளியே விடப்பட்ட ஒரு பொமரேனியன். மொட்டை மாடியில் கட்டப்பட்டிருந்த ஒரு ராஜபாளையம். தார்ச்சாலையில் பாதம் வெந்து நடக்க முடியாமல் போன தெருநாய்கள். பொமரேனியனைக் கொண்டுவந்த பெண்மணி, கண்ணாடியை ஒரு விரல்கடை இறக்கி வைத்திருந்ததாகத் திரும்பத் திரும்பச் சொன்னார். வாரக் கடைசியில் எஸ்தர் ரகோத்தமனுக்குச் சம்மதம் சொன்னாள்.

ஊசி போட்ட சில வாரங்களில் மிளகின் முடி மெலிந்தது. ஒரு நாள் மதியம் வேடியப்பன் அதன் முதுகில் கை வைத்துப் பார்த்துவிட்டு எஸ்தருக்கு போன் செய்தான்.

“டாக்டரம்மா, நனைஞ்சிருக்குது. தண்ணி யாரும் ஊத்தல.”

“அதான் வியர்வை.”

“மனுஷன் மாதிரியே உப்புக் கரிக்குதுங்க.”

“நக்கிப் பாத்தீங்களா?”

வேடியப்பன் சிரித்தான்.

அந்தக் கோடையிலும் அடுத்த கோடையிலும் வயலில் ஒரு நாயும் சாகவில்லை. எஸ்தர் விதிகள் எழுதிக் கொடுத்திருந்தாள். குடிக்கிற தண்ணீரில் உப்புச் சேர்க்க வேண்டும், ஏனென்றால் வியர்க்கும் உடம்பு உப்பை இழக்கும். பாதத்துக்குத் துணிச் செருப்பு. வயலின் ஓரங்களில் ஓலைக் கொட்டகைகள், அவற்றின் தரையில் ஈர மணல். முக்கியமாக, நாய் கொட்டகைக்குத் திரும்பினால் விசில் அடித்து வெளியே விரட்டக் கூடாது. நிறுவனம் எல்லாவற்றையும் செய்தது. நாய்கள் சற்று ஓடின, முடியாதபோது வந்து படுத்தன, எழுந்து மறுபடி போயின. திருடர்கள் வேறு வயல்களைத் தேடிக்கொண்டார்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. நாய்கள் நாறின. வேடியப்பனின் மனைவி மாதம்மாள், மிளகு வீட்டுக்கு வந்த நாளெல்லாம் வாசலிலேயே தண்ணீர்க் குழாயோடு நின்றாள். இன்னொரு குறையை எஸ்தர்தான் கவனித்தாள்: வியர்க்கிற நாய் இளைப்பதில்லை. நாக்கைத் தொங்கப் போடாத நாய் கஷ்டப்படுகிறதா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. அது தானாகத் திரும்பி வந்தால்தான் உண்டு. ஆகவே திரும்பி வருவதைத் தடுக்காதீர்கள் என்பதை அவள் விதிகளில் தடித்த எழுத்தில் போட்டாள்.

பத்திரிகைகள் எழுதின. சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வளர்ப்பு நாய்களோடு ஆட்கள் வந்தார்கள். எஸ்தர் தன் வாழ்க்கையில் முதல்முறையாக ஏப்ரல் மாதத்தைப் பயப்படாமல் எதிர்கொண்டாள்.

இரண்டாவது கோடை முடிந்த பிறகு, உச்சிவெயில் சட்டத்தை மறுஆய்வு செய்யும் குழுவிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. வேலூரில் ஒரு ஓட்டலின் மாடிக் கூடத்தில் கூட்டம். சட்டத்தில் நாய்களையும் சேர்க்கப் போகிறார்கள், அதற்காகத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போனாள். மிளகின் படங்களையும் கொண்டுபோனாள்.

குழுவின் தலைவர் அம்புஜவல்லி, ஓய்வுபெற்ற நீதிபதி. நிறுவனங்களின் சார்பில் பேச ரகோத்தமன் எழுந்தான். திரையில் எஸ்தரின் ஆய்வறிக்கையிலிருந்து ஒரு பக்கம் தெரிந்தது.

“டாக்டர் எஸ்தர் அவர்களின் ஆராய்ச்சிக்கு முதலில் நன்றி” என்றான். “இந்த நாய்களுக்கு அவர் கொடுத்தது மனிதனுடைய வியர்வை. அவரே அப்படித்தான் எழுதியிருக்கிறார். இரண்டு முழுக் கோடை, உச்சி வெயிலில் வேலை செய்தன. ஒன்றுகூடச் சாகவில்லை. தண்ணீர், உப்பு, நிழல் இருந்தால் மனிதனைப் போல் வியர்க்கும் ஓர் உயிர் நண்பகலில் வேலை செய்யலாம் என்பது இதனால் நிரூபணமாகிறது. அப்படியானால் மனிதனையே ஏன் தடுக்க வேண்டும்? அதே தண்ணீர், உப்பு, நிழலை அவனுக்கும் கொடுக்க நாங்கள் தயார்.”

கூடத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. எஸ்தர் தன் பையில் இருந்த படங்களை வெளியே எடுக்கவில்லை.

“டாக்டர், இதுக்கு நீங்க என்ன சொல்றீங்க?” என்று அம்புஜவல்லி கேட்டார். “அறிக்கை உங்களுதுதானே?”

“என்னுதுதாங்க. அவர் சொன்ன ஒவ்வொரு வரியும் அதுல இருக்கு” என்றாள் எஸ்தர். “ஆனா அந்த நாய்ங்க சாகாம இருந்ததுக்கு வியர்வை மட்டும் காரணமில்ல. முடியலன்னா அதுங்க திரும்பி வந்துடும். ஒரு மதியத்துல பல தடவை வரும். யாரும் கேக்க மாட்டாங்க. நான் நாய்க்கு வியர்வைய மட்டுந்தான் குடுத்தேன். வீட்டு வாடகையக் குடுக்கல. சூப்பர்வைசர் மேல பயத்தக் குடுக்கல. மனுஷனுக்கு அதெல்லாம் இருக்கு. அவன் திரும்ப மாட்டான்.”

நீதிபதி அதைக் குறித்துக்கொண்டார். அவர் கவனமாகக் கேட்டார் என்பதில் எஸ்தருக்குச் சந்தேகமில்லை.

“நீங்க சொல்றது சரி” என்றார் கடைசியில். “அப்போ அந்த உரிமைய மனுஷங்களுக்கும் எழுத்துல குடுத்துடலாமே. முடியாதவங்க எப்ப வேணும்னாலும் நிழலுக்குத் திரும்பலாம், கூலி பிடிக்கக் கூடாதுன்னு.”

எல்லோரும் தலையசைத்தார்கள். அவள் சொன்னதையே எடுத்து அவளிடம் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். பொங்கலுக்குப் பிறகு திருத்தம் வந்தது. அடுத்த கோடையில் எல்லா இடங்களையும் போலச் சூரியமின் வயல்களிலும் மதிய வேலை தொடங்கியது.

காவல் அறையின் ஏசியைக் கழற்றிவிட்டார்கள். இனி அங்கே உட்கார்ந்து விசில் அடிக்க ஆள் தேவையில்லை. வேடியப்பன் மிளகோடு வயலுக்குள் போனான். காவலோடு சேர்த்துப் பேனல்களைத் துடைக்கும் வேலையும் அவனுக்கு வந்தது. அவனோடு இன்னும் பலர். கொட்டகைகள் இருந்தன, உப்புத் தண்ணீர் இருந்தது, முடியாதவர்கள் திரும்பலாம் என்று எழுதிய பலகை ஒவ்வொரு கொட்டகையிலும் தொங்கியது.

மே மாதம் ஒரு மதியம் எஸ்தர் நாய்களைப் பரிசோதிக்க வந்திருந்தாள். கொட்டகையில் உட்கார்ந்து ஒரு நாயின் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மிளகு உள்ளே வந்தது. தண்ணீரைக் குடித்தது, ஈர மணலில் வயிறு பட நீட்டிப் படுத்தது. அதன் விலா ஈரத்தில் மின்னியது. எஸ்தர் வேடியப்பனுக்கு போன் செய்தாள்.

“மிளகு வந்துடுச்சு. நீங்க எங்க இருக்கீங்க?”

“வர்றன் டாக்டரம்மா. இந்த ஒரு வரிசை. முடிச்சிட்டு வந்துர்றன்.”

“வந்து தண்ணி குடிச்சிட்டு அப்புறம் போங்க.”

“தோ வந்துட்டன்.”

மிளகு எழுந்து போனது. பிறகு மறுபடி வந்து படுத்தது. வேடியப்பன் வரவில்லை. எஸ்தர் மறுபடி கூப்பிட்டபோது அவன் எடுத்தான், ஆனால் பேச்சு குழறியது. அவளை மாதம்மா என்று கூப்பிட்டு, கதவைச் சாத்து என்றான்.

அவள் ஓடினாள். பேனல்களுக்கு இடையே அவன் உட்கார்ந்திருந்தான், துடைப்பான் இன்னும் கையில் இருந்தது. சட்டை காய்ந்திருந்தது. நெற்றியைத் தொட்டால் கை சுட்டது. வியர்வை நின்று போயிருந்தது. அக்கம்பக்கத்து வரிசைகளிலிருந்து மூன்று பேர் வந்தார்கள், எல்லோருமாக அவனைக் கொட்டகைக்குத் தூக்கினார்கள்.

எஸ்தருக்கு நாய்களுக்குச் செய்துதான் பழக்கம். அதையே செய்தாள். சட்டையைக் கழற்றி, கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் தண்ணீர் ஊற்றி, நாய்களுக்கு வைத்திருந்த விசிறியை அவன் பக்கம் திருப்பினாள். ஒருவன் அவன் வாயில் தண்ணீர் ஊற்றப் போனபோது கையைத் தட்டிவிட்டாள். ஆம்புலன்ஸ் வரும் வரை மிளகு அவன் கால்மாட்டில் படுத்திருந்தது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

வேடியப்பன் பிழைத்தான். சிறுநீரகம் பாதி போனதாகச் சொன்னார்கள். இனி வெயிலில் நிற்கவே கூடாது.

எஸ்தர் மருத்துவமனைக்குப் போனபோது மாதம்மாள் கட்டிலின் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

“நாயி வந்துட்டுதாமே டாக்டரம்மா” என்றாள். “நாயிக்குத் தெரிஞ்சது இந்த மனுசனுக்கு ஏன் தெரியல?”

“தெரிஞ்சுதுடி” என்றான் வேடியப்பன். குரல் மெலிந்திருந்தது. “அது திரும்புனா யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க. நான் ரெண்டு தடவ திரும்புனன்னு வெச்சிக்க, கூலி புடிக்க மாட்டாங்க. நாளைக்கி கூப்புட மாட்டாங்க, அவ்ளோதான். பக்கத்து வரிசையில இருக்கறவன் நிக்கறான். அவன் நிக்கறான்னு நான் நிக்கறன். நான் நிக்கறன்னு அவன் நிக்கறான்.”

மாதம்மாள் ஒரு ஆரஞ்சை உரிக்க ஆரம்பித்தாள். எஸ்தர் அங்கே இன்னும் கொஞ்ச நேரம் இருந்தாள். தான் ஊசி போடாமல் இருந்திருந்தால் என்று அவள் யோசித்துப் பார்த்தாள். மிளகு செத்திருக்கும். அந்த நாய்களுக்குப் பின் வந்த நாய்களும் செத்திருக்கும். வேடியப்பன் ஏசி அறைக்குள் உட்கார்ந்து அதைக் கேமராவில் பார்த்துக்கொண்டிருந்திருப்பான். எதை எதோடு வைத்துப் பார்ப்பதென்று அவளுக்குப் பிடிபடவில்லை.

நிறுவனம் விசாரணை நடத்தியது. வேடியப்பனுக்குத் திரும்பும் உரிமை இருந்தது, அவர் அதைப் பயன்படுத்தவில்லை என்று முடித்தது. அதில் பொய் எதுவும் இல்லை.

அதன்பின் சில வாரங்கள் கழித்து, நாய்களின் வருடாந்திரக் கையெழுத்துக்காக ரகோத்தமன் எஸ்தரின் மருத்துவமனைக்கு வந்தான். இளைத்திருந்தான். வேடியப்பனுக்கு வேறொரு கிடங்கில் உட்கார்ந்து பார்க்கிற வேலை வாங்கிக் கொடுத்திருப்பதாகச் சொன்னான். எஸ்தர் அதைக் கேட்டுக்கொண்டாள். கையெழுத்திட்டு, காகிதத்தை அவன் பக்கம் தள்ளினாள்.

அவன் படித்தான். நின்று மறுபடி முதலிலிருந்து படித்தான்.

“விதியில புதுசா ஒண்ணு சேத்திருக்கீங்க.”

“ஆமா.”

அவன் உரக்க வாசித்தான். “குளிர்தோல் நாயைத் தனியே விடக் கூடாது. நாய் நிழலுக்குத் திரும்பினால், அந்த இடத்தில் அதனோடு வேலை செய்யும் அனைவரும் கூடவே திரும்பி, அது தானாக எழுந்து வெளியே போகும் வரை அதன் பக்கத்தில் இருக்க வேண்டும். தவறினால் நாய்க்கு மன உளைச்சல் ஏற்படும்.” காகிதத்தைக் கீழே வைத்தான். “நாய்க்கு மன உளைச்சலா மேடம்?”

“கூட்டத்தோட பழகின பிராணி. கூட்டம் வெளிய நின்னா அது சரியா ஓய்வு எடுக்காது. அன்னிக்கு மிளகு எழுந்து எழுந்து போச்சு, நானே பாத்தேன்.”

“நிஜமாவே அதுக்குத்தான் எழுதினீங்களா?”

எஸ்தர் பேனாவை மூடினாள். “மனுஷனுக்கு இப்படி ஒரு விதி எழுதினா நிக்குமா?”

“நிக்காது. யாரும் யாரையும் உக்காரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாதுன்னு வக்கீல் ஒரே நாள்ல உடைச்சிடுவாரு.”

“நாய்க்கு எழுதினா?”

ரகோத்தமன் ஜன்னல் பக்கம் பார்த்தான். வெளியே வேப்பமர நிழலில் யாரோ ஒரு நாயை நிறுத்தி, பாதத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

“நாய்க்கு எழுதினா நிக்கும்” என்றான். “பரிசோதனை அனுமதியிலயே வர்றதால ஒண்ணும் பண்ண முடியாது. மீறினா பிராணி வதை.” காகிதத்தை மறுபடி கையில் எடுத்தான். “நாயே வேணாம்னு மேல சொல்லிட்டாங்கன்னா?”

“சொல்லுவாங்களா?”

“மாட்டாங்க. நாய் இல்லன்னா செம்புக் கம்பிக்கு இன்ஷூரன்ஸ் கிடைக்காது.” அவன் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தான். கதவுவரை போய்த் திரும்பினான். “எனக்கும் மேல ஆள் இருக்காங்க மேடம். நான் இதைப் படிச்சுப் பாக்காம கையெழுத்து வாங்கிட்டு வந்துட்டேன்னு சொல்லிக்கறேன்.”

நிறுவனத்தின் வக்கீல்கள் உண்மையிலேயே முயன்று பார்த்தார்கள். நாய்க்கு மன உளைச்சல் ஏற்படாது என்பதற்கு ஒரு மருத்துவரின் சான்று தேவைப்பட்டது. குளிர்தோல் நாய்களை நன்கு அறிந்த மருத்துவர்கள் மாநிலத்தில் மூன்று பேர்தான். மற்ற இருவரும் எஸ்தரின் மாணவர்கள்.

அந்த வயலில் அடுத்த கோடையில் வேலை சற்று மெதுவாக நடந்தது. நாய் வந்து படுத்தால், துடைப்பானைச் சாத்திவிட்டு எல்லோரும் வந்து அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள். யார் முதலில் திரும்பினார்கள் என்ற கேள்வியே எழவில்லை, நாய்தான் திரும்பியது. சூப்பர்வைசர் வந்து நின்று பார்ப்பார். நாயைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. நாய் எப்போது எழும் என்று அவரும் ஓரமாக உட்கார்ந்துவிடுவார். அந்தக் கோடையில் அங்கே யாரும் விழவில்லை. சில கிலோமீட்டர் தள்ளி, நாய் இல்லாத சாலைப் பணியில் இரண்டு பேர் விழுந்தார்கள், ஒருவர் எழவில்லை.

செய்தி எப்படிப் பரவியது என்று எஸ்தருக்குத் தெரியாது. நிறுவனங்கள் எதுவும் அவளைத் தேடி வரவில்லை. வேறு ஆட்கள் வந்தார்கள். செங்கல் சூளைக்காரர்கள், கல் உடைக்கிறவர்கள், ரயில் பாதை பார்க்கிறவர்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கயிறு, அதன் முனையில் ஏதாவது ஒரு தெருநாய். வேலை நடக்கும் இடத்தில் காவலுக்கு ஒரு குளிர்தோல் நாய் இருந்துவிட்டால், சட்டப்படி அங்கே அந்த விதி வந்துவிடும் என்று அவர்களுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். திருட்டு பயத்தில் முதலாளிகள் இலவசமாகக் கிடைக்கும் காவல் நாயை வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஏப்ரல் பிறந்து கொஞ்ச நாளில், தார் போடும் குழு ஒன்றிலிருந்து பச்சையம்மாள் என்ற நடுவயதுப் பெண் இரண்டு நாய்களோடு வந்தாள். ஒன்று செவலை நிற நாய், இளசு, ஓரிடத்தில் நிற்காமல் துள்ளிக்கொண்டிருந்தது. மற்றது கொழுத்த கிழடு. மேசைக்கு ஏற்றுவதற்கு இரண்டு பேர் தூக்க வேண்டியிருந்தது.

எஸ்தர் இரண்டையும் பரிசோதித்தாள். “ஊசி மருந்து கம்மியாத்தான் இருக்கு. ஒண்ணுக்குத்தான் போட முடியும்” என்றாள். “இந்தச் செவலை நல்ல நாய். நெஞ்சு பலமா இருக்கு. நாள் பூரா ஓடும்.”

“அய்ய, அது வாணாங்க டாக்டரம்மா” என்றாள் பச்சையம்மாள் அவசரமாக. “அது சொம்மா எங்க புள்ளைங்க வளக்கறது, பாக்கலாம்னு இட்டாந்தன். இதப் பாருங்க. நாலு அடி வெச்சா படுத்துக்கும். படுத்துதுன்னா லேசுல எயிந்துக்காது.”

எஸ்தர் கிழட்டு நாயின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை மறுபடி வைத்து, வேண்டியதற்கு அதிகமான நேரம் கேட்டாள். அந்த நாய் மேசையிலேயே தூங்க ஆரம்பித்திருந்தது. அவள் ஊசியை எடுத்து மருந்தை ஏற்றினாள். பதிவு செய்வதற்காகக் கேட்டாள்:

“நாய் பேரு?”

“பேருன்னு ஒண்ணும் வெக்கலீங்க” என்றாள் பச்சையம்மாள். “வேலைக்காரங்க எல்லாம் அத மேஸ்திரின்னு கூப்புடறாங்க.”